சுவர் இருந்தால்தான் சித்திரம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம்மவர் வழக்கிலுள்ள பழமொழி. உடல் நலம் பேணுதலைக் குறித்து எழுந்த அம்மொழி மோட்டார் காருக்கும் பொருந்தும் என்பதை, மடுல்சீமையில் ஒரு பழைய காரை வாங்கிய பின்னரே நான் உணர்ந்தேன்.

என் கார் டொயோட்டா பிரியஸ் பிளக்-இன் ஹைபிரிட் வகையைச் சேர்ந்தது. ஜப்பானில் 2012ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இவ்வகைக் கார்களுள் ஒன்று, பலர் கைமாறி, ஆசிரியனாகிய என் கைக்கு எட்டியது. சாதாரண ஹைபிரிட் கார் பெற்றோலை மட்டுமே உண்ணும். தன் ஓட்டத்திலேயே சிறிது மின்சாரத்தை உண்டாக்கிச் சேமித்துக்கொள்ளும். பிளக்-இன் வகைக்கோ வாய்கள் இரண்டு. ஒன்று பெற்றோல் நிலையத்தில் திறப்பது. மற்றது வீட்டுச் சுவரிலுள்ள மின் இணைப்பில் திறப்பது. என் காரின் பற்றரி 4.4 கிலோவாற்று மணி கொள்ளளவுடையது. ஒன்றரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். மின்சாரத்தில் மட்டும் 26 கிலோமீற்றர் ஓடும் என்பது ஜப்பானியரின் சோதனைக் கணக்கு. அது சமநிலத்துக் கணக்கு. மலை நாட்டிலே கணக்கு வேறு.

நான் வாடகைக்குக் குடியிருக்கும் வீடு மடுல்சீமைக் கடைவீதியில் உள்ளது. அங்கிருந்து பசறைக்கு இறங்கும் வீதி வளைவுக்கு வளைவு கீழே செல்கிறது. முதல் வாரங்களில், இரவெல்லாம் காரை இணைப்பிலே விட்டு, பற்றரியை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு புறப்படுவேன். இறக்கத்தில் இயந்திரம் வீணே உறுமுவதைக் கேட்டு, ஏதோ பழுது என்று அஞ்சினேன். பழுது ஒன்றுமில்லை. இறக்கத்தில் சக்கரங்கள் மின்மோட்டரைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்குகின்றன. அதுவே காருக்கு வேகத்தடையுமாகிறது. ஆனால் நிரம்பிய பற்றரியில் அம்மின்சாரத்துக்கு இடமேது? ஆகவே வேகத்தை அடக்கும் பொறுப்பு இயந்திரத்தின்மேல் விழுகிறது. மலையுச்சியில் வாழ்பவன் குடத்தைக் குறையாகவே நிரப்பிப் புறப்பட வேண்டும். மிகுதியை மலையே நிரப்பித் தரும். இப்பொழுது அரைமணி முன்னதாகவே இணைப்பைக் கழற்றிவிடுகிறேன். பசறை செல்லும் வழியில் பெரும்பாலும் பெற்றோல் செலவாவதில்லை. திரும்பும் ஏற்றத்தில் பெற்றோல் தன் பங்கைத் தவறாது கேட்டு வாங்கிக்கொள்கிறது.

இத்தகைய காரை நான் நாடியதற்குக் காரணம் 2022ஆம் ஆண்டு. அவ்வாண்டின் பெற்றோல் வரிசைகளை மறந்தவர் எவருமிலர். ஜூன் மாதத்தில் எரிபொருளின்மையாற் பாடசாலைகள் மூடப்பட்டன. பின்னர் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்தது. தொடக்கத்தில் வாரமொன்றுக்குக் காருக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என அளந்து வழங்கினார்கள். ஒரு வாய் அடைபட்டால் மறு வாயால் உயிர் பிழைக்கும் வாகனம் வேண்டும் என்று அன்றே எண்ணினேன்.

ஆனால் அதே ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நிலவியதையும் நினைவுகூர வேண்டும். மழை குறைந்து நீர்த்தேக்கங்கள் வற்றும் காலத்தில், நம் மின்சாரம் டீசலையும் நிலக்கரியையும் நம்பியிருக்கிறது. அவை இரண்டும் கப்பலில் வருபவை. அந்நியச் செலாவணி கொடுத்து வாங்குபவை. வாய்கள் இரண்டாயினும் அடுக்களை ஒன்றே. அடுக்களையில் அடுப்பு அணைந்தால் இரண்டு வாயும் பசித்திருக்க வேண்டியதுதான். பிளக்-இன் காரால் நாட்டுக்குக் கிட்டும் நன்மை, அதற்கு ஊட்டப்படும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையே பொறுத்தது.

ஐரோப்பாவின் அனுபவம் மற்றொரு பாடத்தைத் தருகிறது. ஐரோப்பிய ஆணைக்குழு 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, வீதியில் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் வெளியிடும் கரியமிலவாயு, ஆய்வுகூடக் கணிப்பைப்போல் சராசரி மூன்றரை மடங்காகும். பலர் எதிர்பார்த்த அளவுக்குக் காரை மின் இணைப்பில் மாட்டுவதில்லை என்பதே முக்கிய காரணம். வீட்டிலே சுவர் உண்டு, சுவரிலே மின்சாரம் உண்டு, மாட்டும் மனந்தான் இல்லை. நம் தோட்டங்களிலோ நிலை நேர்மாறானது. அதை என் சொந்த அனுபவத்தாலேயே கூறுகிறேன்.

என் தாயார் இன்றும் லயத்திலேதான் வாழ்கிறார். சென்ற ஆண்டு ஒருநாள் மாலை அங்கு சென்றவன், காரின் கம்பியை அவர் வீட்டுச் சுவரில் மாட்டினேன். பத்து நிமிடம் கழியுமுன் சுவரிலிருந்து கருகல் நாற்றம் எழுந்தது. அடுத்த கணம் அந்த வரிசை முழுவதும் இருளில் மூழ்கிற்று. ஆறு வீடுகளுக்கும் ஒரே மின்மானி. விளக்குக்கும் வானொலிக்கும் என்று எப்போதோ இழுத்த மெல்லிய கம்பி. எர்த் கம்பி என்பது பெயருக்கும் இல்லை. மூன்றாம் வீட்டில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை மெழுகுவர்த்தியைத் தேடினாள். அவள் என் மாணவி. “பரவாயில்லை சேர்” என்றாள். அச்சொல் என்னைச் சுட்டது. மறுநாள் என் செலவிலேயே பழுதை நீக்கினேன். எனினும் தடித்த கம்பி போட்டுக் கொடுக்க இயலவில்லை. அந்தச் சுவர் என் தாயாருக்கு உரியதன்று. அதில் ஓர் ஆணியடிக்கவும் தோட்டத்து அனுமதி வேண்டும்.

கொழுந்து பறிப்போருக்கும் காருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தைப் போராடிப் பெற்றவர்கள் கார் வாங்கப் போவதில்லை, உண்மையே. ஆயினும் நள்ளிரவில் பிரசவ வேதனைப்படும் பெண்ணைப் பசறை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது லயத்து இளைஞனின் முச்சக்கர வண்டியல்லவா? அவ்வண்டியும் மின்சாரத்துக்கு மாறும் நாள் தொலைவில் இல்லை. அன்று அதனை எந்தச் சுவரில் மாட்டுவது? சொந்த வீடும் சொந்த மின்மானியும் உள்ள நகரத்தார் மலிவான மின்சாரத்தில் ஓட, அவையிரண்டும் இல்லாத தோட்டத்தார் விலையேறும் பெற்றோலிலேயே கட்டுண்டு கிடப்பர். புதிய வாகனம் பழைய ஏற்றத்தாழ்வையே புதுப்பிக்கும்.

இதிலுள்ள முரணைக் காண்க. 1950இல் இலக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது முதல், மலைநாட்டு நீர் நாட்டுக்கு ஒளியூட்டி வருகிறது. 2024 ஏப்ரலில் நம் ஊவாவிலேயே 120 மெகாவாற்று உமா ஓயா மின்திட்டம் திறக்கப்பட்டது. மலையில் நீரும் உண்டு, மின்சாரமும் உண்டு. அதைப் பெற்றுக்கொள்ளும் உரிமையுள்ள சுவர்தான் தொழிலாளிக்கு இல்லை.

செய்யத்தக்கவை இரண்டு. முதலாவது, இந்திய உதவி வீடமைப்பில் காணியோடு வீடு வழங்கும் முறை இருக்கிறது. அது எல்லா லயத்துக் குடும்பங்களையும் எட்ட வேண்டும். உறுதிப்பத்திரத்தோடு தனி மின்மானியும் எர்த் கம்பியும் சேர்ந்தே வரவேண்டும். இரண்டாவது, அதுவரையில் பாடசாலைச் சுவரையும் தோட்டத் தொழிற்சாலைச் சுவரையும் பொதுச் சுவராக்கலாம். 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது, பகலில் மின்தேவை குறைந்தமையால், கூரைச் சூரியத் தொகுதிகளை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சாரசபை உரிமையாளரைக் கேட்டுக்கொண்டது. வெயில் தந்த மின்சாரத்தை வேண்டாமென்று ஒதுக்கிய நாட்டில், பகல் முழுதும் பாடசாலை வளவில் நிற்கும் வண்டிகள் வெறும் வயிற்றோடு நிற்பானேன்? ஒரு பாடசாலைக் கூரையிற் சில சூரியத் தகடுகள், கீழே தடித்த கம்பியோடு இரண்டு இணைப்புகள்: தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.

மின்வெளிச்சம் திரும்பிய அந்த இரவில் என் தாயார் ஒன்று கேட்டார்: “ஏன் தம்பி, இந்தக் காரு நம்ம வீட்டுக்கு வந்தா மட்டும் பட்டினியா கெடக்கணுமா?” அவருக்கு என்னிடம் விடை இல்லை. விடை கூற வேண்டியவர்கள், மின்வாகனங்களைப் பற்றித் திட்டம் தீட்டும் மேசைகளில் அமர்ந்திருக்கிறார்கள். வாகன வரியைக் கணக்கிடுமுன், அவர்கள் மடுல்சீமை லயமொன்றின் சுவரை ஒருமுறை தொட்டுப் பார்ப்பார்களாக.