வாந்தி எடுப்பது குற்றமா?

மசக்கையில் சத்து மாத்திரையை வாந்தி எடுத்தால் "பாவம் புள்ள" என்கிறோம். எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணி ஏ.ஆர்.டி. மாத்திரையை வாந்தி எடுத்தால் மட்டும் "பொறுப்பில்லாதவ" என்கிறோம். குச்சனூரானாலும் கம்பமானாலும் வயிறு ஒன்றுதானே?

திட்டினால் மாத்திரை உள்ளே தங்காது. அவள் வாந்தி எடுத்ததை மறைப்பாள். ஆபத்தே அங்கேதான். சிகிச்சை இல்லாவிட்டால் கரு, பிரசவம், தாய்ப்பால் வழியாக 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்று போகலாம். மருந்து விடாமல் எடுத்தால் அது 5-க்கும் கீழே இறங்கும்.

திட்டுவதற்குப் பதில் சொல்லிக்கொடுங்கள். வாந்தியை நிறுத்த டாக்டரிடம் மருந்து உண்டு. டொலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரையைச் சாப்பாட்டோடும் போடலாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை அதோடு வெறும் வயிற்றில் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. மாத்திரை வெளியே வந்துவிட்டால் ஏ.ஆர்.டி. மையத்தில் உடனே கேட்க வேண்டும். தானாக நிறுத்தவே கூடாது.

2004 முதல் அரசு இந்த மருந்தை இலவசமாகத் தருகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்கக்கூடாது என்று 2017-லேயே சட்டமும் வந்துவிட்டது. மாறாதது நம் நாக்குதான்.

சந்தேகமா? 1097-க்குக் கூப்பிடுங்கள், கட்டணமில்லை. அவளைக் கேள்வி கேட்பதை நிறுத்துங்கள்.