எழுத்து சின்னதா தெரியுதா? ரெசல்யூஷனைக் குறைக்காதீங்க!

திண்டுக்கல்லோ, நத்தமோ, வேடசந்தூரோ... இ-சேவை மையத்தில் சாதிச் சான்று, வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கப் போனால், ஆபரேட்டர் டைப் செய்த பெயர் சரியா என்று கவுன்டர் மானிட்டரில்தான் பார்க்க வேண்டும். அந்தத் திரையே மங்கலாக இருந்தால்? பல நேரங்களில் மானிட்டர் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு செட்டிங்கில்.

பழைய பழக்கம்

டப்பா மாதிரி இருந்த பழைய மானிட்டரில் எழுத்து சின்னதாகத் தெரிந்தால் ரெசல்யூஷனை 800×600 என்று குறைப்பார்கள். படமும் ஓரளவு தெளிவாகவே இருக்கும். தட்டையான எல்சிடி, எல்இடி திரை அப்படி இல்லை. அதில் எத்தனை புள்ளிகள் என்பது தயாரிக்கும்போதே முடிவாகிவிடும். ஃபுல் ஹெச்டி அகலத்திரை என்றால் 1920×1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள்.

அதில் 1024×768 வைத்தால், குறுக்கே 8 புள்ளிக்கான படத்தை 15 புள்ளிகளில் நிரப்ப வேண்டும். கணக்கு சரியாக வராததால் ஓரங்களில் அரைகுறை நிறம் பூசப்படும். அதுதான் மங்கல். தவிர, 4:3 வடிவப் படத்தை 16:9 திரைக்கு இழுத்தால் உயரத்தைவிட அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பழைய எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களைப் புது டிவியில் இழுத்துப் போட்டால் முகம் உப்பிப் போகுமே, அதே கதைதான்.

தமிழுக்கு கூடுதல் நஷ்டம்

ஆங்கிலத்தில் புள்ளி வைத்த எழுத்துகள் இரண்டே இரண்டு. தமிழில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் தலையில் புள்ளி உண்டு. ரெண்டு சுழி 'ன', மூணு சுழி 'ண' வித்தியாசமோ ஒரே ஒரு வளைவு. 'கண்ணன்' என்ற பெயரில் இரண்டுமே வருகிறது. மங்கலான திரையில் முதலில் காணாமல் போவது இவைதான். சான்றிதழ் கைக்கு வந்த பிறகு பிழை தெரிந்தால் மறுபடி விண்ணப்பம், மறுபடி அலைச்சல். கல்லூரி அட்மிஷன் நேரத்தில் அது சின்ன விஷயமா?

என்ன செய்யணும்?

விண்டோஸ் 10, 11-ல் டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' போங்கள். 'டிஸ்ப்ளே ரெசல்யூஷன்' பட்டியலில் 'ரெக்கமண்டட்' என்று இருப்பதைத் தேர்வு செய்யுங்கள். எழுத்து சின்னதாகிவிட்டதா? அதே பக்கத்தில் 'ஸ்கேல்' இருக்கிறது. அதை 125 அல்லது 150 சதவீதம் ஆக்குங்கள். எல்லாப் புள்ளிகளும் வேலை செய்யும், எழுத்தும் பெரிதாகும்.

மானிட்டருக்கு உரிய அளவு பட்டியலிலேயே இல்லை என்றால், கிராபிக்ஸ் டிரைவர் சரியாக இன்ஸ்டால் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய விஜிஏ கேபிள் என்றால் மானிட்டரில் உள்ள 'ஆட்டோ' பட்டனையும் ஒருமுறை அழுத்துங்கள்.

ஆபரேட்டர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. நாள் முழுக்க திரையையே பார்க்கிற கண்ணுக்கு பெரிய எழுத்து வேண்டும். சில பழைய சாஃப்ட்வேர்கள் ஸ்கேலைக் கூட்டினால் கலைந்தும் போகும். அப்போதும் ரெசல்யூஷனைத் தொட வேண்டாம். இணையதளம் என்றால் கன்ட்ரோலும் பிளஸும் சேர்த்து அழுத்தினால் அந்தப் பக்கம் மட்டும் பெரிதாகும்.

இதற்கெல்லாம் காசு செலவில்லை, ரெண்டு நிமிஷ வேலை. மக்கள் விவரங்களைப் பதிவு செய்கிற ஒவ்வொரு கவுன்டரிலும் இந்த செட்டிங்கைச் சரிபார்ப்பதை வழக்கமாக்க வேண்டும். விண்ணப்பிப்பவரும் தயங்க வேண்டாம். 'சப்மிட்' கொடுக்கும் முன், "பேரைக் கொஞ்சம் பெருசாக்கிக் காட்டுங்க" என்று கேட்கலாம். அது உங்கள் பெயர்.