விலாவில் கட்டியும் கழுத்தில் தாயத்தும்

விலா எலும்பில் கட்டி கிளம்பினால் நம் மக்கள் முதலில் போவது மந்திரிப்பவனிடம். அடுத்தது பற்றுப் போடுகிறவனிடம். கட்டி எலும்பைத் தின்ற பின்புதான் ஆஸ்பத்திரிக்கு. அப்புறம் அதைத் "தலைவிதி" என்பார்கள். விதியா அது? வீணாக்கிய மாதங்களல்லவா?

1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டார். 1971-ல் ஹவுன்ஸ்பீல்டின் ஸி.டி. யந்திரம் முதல் நோயாளியைப் படம் பிடித்தது. எலும்பு அரிக்கப்பட்டிருப்பதையும் கட்டிக்குள் சுண்ணாம்பு படிந்திருப்பதையும் ஸி.டி. காட்டும், சதையிலும் மஜ்ஜையிலும் பரவியிருப்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். எந்த ஞானதிருஷ்டிக்காரர் இதைக் காட்டினார்?

நிற்க, யந்திரத்தையும் கண்மூடி நம்பும்படி நாம் சொல்லவில்லை. எல்லாக் கட்டியும் புற்றல்ல. படம் சொல்வது சந்தேகம். ஊசியால் எடுத்த சதைத்துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதே தீர்ப்பு. பெரும்பாலும் வயது வந்தோருக்கு வரும் காண்ட்ரோசார்க்கோமாவா, பிள்ளைகளையும் வாலிபர்களையும் பிடிக்கும் யூயிங் சார்க்கோமாவா, வேறிடத்துப் புற்று இங்கு வந்து தங்கியதா என்பது அதில்தான் தெரியும். தெரிந்தாக வேண்டும், ஏனெனில் முன்னதற்குக் கத்தியே பிரதானம், யூயிங்குக்கு மருந்து முதலில்.

சாட்சி கேட்பது வைத்தியம். சாட்சியே கேட்காதது மந்திரம். ஆதலால் தோழர்களே, கட்டி தட்டுப்பட்டால் தாயத்துக்குக் கொடுக்கும் காசைப் பஸ் சார்ஜுக்கு வைத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.