பனம்பாணியும் நுகர்வோர் நம்பிக்கையும்

மன்னார்த் தீவின் அடையாளங்களுள் பனைமரம் முதன்மையானது. தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி என எங்கு சென்றாலும் பனையைக் காணலாம். அதன் சாற்றிலிருந்து பெறப்படும் பாணியும் பனங்கட்டியும் தமிழ், முஸ்லிம் மக்கள் இருசாராரும் விரும்பும் உணவுகளாகும். ஆயினும் சந்தைக்கு வரும் கருநிறப் பாணி யாவும் பனம்பாணிதானா என்ற ஐயம் நுகர்வோரிடம் எழுவது நியாயமானதே.

பாணியின் தரம் அடுப்பிலன்றி மரத்திலேயே தீர்மானிக்கப்படுகின்றது. பாளையில் கட்டப்படும் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசப்பட்டால் சாறு புளிக்காது கருப்பநீராகக் கிடைக்கும். பூசப்படாவிடின் அதுவே கள்ளாகிவிடும். கள்ளை விலக்கி நடப்போருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. கருப்பநீரில் மிகுந்துள்ள சுண்ணாம்பைத் தெளியவைத்து வடித்த பின்னரே காய்ச்ச வேண்டும். போதிய அளவு வற்றாத பாணி விரைவில் புளித்துப் பொங்கும். அளவுக்கு மீறிக் கருகினாலோ கசப்பும் வேண்டாத சேர்மங்களும் உண்டாகும்.

புளிக்கத் தொடங்கிய சாற்றில் கரும்புச் சீனியின் வகையைச் சேர்ந்த சுக்குரோசு சிதைவுறுவதால் பனங்கட்டி உறைவதில்லை. அவ்வேளையில் வெள்ளைச் சீனி சேர்க்கும் வழக்கம் தலைதூக்குகின்றது. சீனியைக் கருக்கினாலும் கருநிறம் வருமாதலால், நிறத்தைக் கொண்டு தூய்மையை அறிய முடியாது. பனம்பாணி தீங்கற்றதென எண்ணி நீரிழிவு நோயாளர் தாராளமாக உண்பதும் தவறாகும். கலப்படமற்ற பாணியும் இனிப்பே.

காய்ச்சாத சாற்றைப் பருகுவதிலும் அவதானம் தேவை. 2001 ஆம் ஆண்டு முதல் பங்களாதேஷில் கண்டறியப்பட்டு வரும் நிபா வைரஸ் நோய்க்கு, வௌவால்களால் மாசடைந்த பச்சை ஈச்சஞ்சாறு ஒரு முக்கிய காரணமாகும். முட்டியின் வாயை மூடிக் கட்டுவது எளிய பாதுகாப்பாகும். நன்கு கொதிக்கவைத்தால் அந்த வைரஸ் அழிந்துவிடும்.

கலப்படத்தையும் பொய்யான சுட்டுத்துண்டுகளையும் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் தடை செய்கின்றது. ஆனால் சட்டத்தின் சுமை உயிரைப் பணயம் வைத்து மரமேறும் தொழிலாளியின் தலையில் மட்டும் விழலாகாது. 1978 இல் உருவாக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் கூட்டுறவுச் சங்கங்களும் புளிக்காத சாற்றுக்கு நியாயமான விலை வழங்கினால், சீனி கலக்கும் தேவை பெருமளவு குறையும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் உற்பத்தி நிலையங்களோடு கடைகளையும் கண்காணிக்க வேண்டும். சீனி சேர்க்கப்பட்டிருப்பின் அது போத்தலில் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும்.

ஒருமுறை இழந்த நம்பிக்கையை மீண்டும் பெறுவது கடினம். அதனைக் காப்பது பனையை நம்பி வாழும் குடும்பங்களைக் காப்பதாகும்.