அந்த அய்ந்து சதவீதம் யார்?

உடம்பில் கட்டிக்கொள்கிற சென்சார்களின் கம்பியில்லாத் தொடர்பு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று அளந்து, கட்டுரைமேல் கட்டுரையாக எழுதித் தள்ளுகிறார்கள். மார்பில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, கணுக்காலில் ஒன்று. எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள இடுப்பில் ஒரு பெட்டி. நாடித்துடிப்பும் மூச்சும் சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகக் காற்றில் போகும். நூறு அனுப்பினோம், தொண்ணூற்றெட்டு வந்து சேர்ந்தது. பிரமாதம்! முடிவுரை, நன்றியுரை, பட்டம்.

யார் உடம்பில் அளந்தீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் அந்த ஆய்வுக்கூடத்து மாணவர்கள் நாலைந்து பேர். நில் என்றால் நிற்பார்கள், நட என்றால் நடப்பார்கள்.

இந்த வலையமைப்புகளுக்கென்றே அய்.இ.இ.இ. என்கிற பொறியாளர் அமைப்பு 2012இல் 802.15.6 என்ற தரநிலையை வெளியிட்டது. அதற்கு முன்பாகத் தயாரித்த தேவைப் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது: 256 பைட் பாக்கெட்டில் பிழை விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நல்லதுதானே என்கிறீர்களா? மீதியையும் படியுங்கள். மிகச் சிறப்பாக வேலை செய்கிற 95 சதவீத இணைப்புகளில் இது சரியாக இருந்தால் போதுமாம்! நான் வங்கியில் குமாஸ்தா. சாயங்காலம் நேராக வந்த தொண்ணூற்றைந்து சீட்டுகளை மட்டும் கூட்டி, கணக்கு சரி என்று எழுதினால் மறுநாள் எனக்கு வேலை இருக்காது. அங்கே அது மோசடி. இங்கே அது அளவுகோல்.

புள்ளியியலில் ஓரத்தை வெட்டுவது வழக்கம்தான் என்பார்கள். சரி, வெட்டு. ஆனா ஓரத்துல யார் நிக்கிறான்னு பாத்துட்டு வெட்டு.

இந்தக் கருவிகளில் பல பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். தண்ணீர் அந்த அலையை விழுங்கும். நம் உடம்போ பெரும்பகுதி தண்ணீர். மார்பிலிருந்து புறப்பட்ட அலை உடம்பைத் துளைத்து முதுகுக்குப் போவதில்லை. தோலை ஒட்டி வளைந்து போகும், இல்லையென்றால் சுவரில் மோதித் திரும்பி வரும். ஆய்வுக்கூடத்தில் நாலு பக்கமும் சுவர். வெட்டவெளியில் வயலிலோ தெருவிலோ குப்பைமேட்டிலோ எந்தச் சுவர் வந்து தாங்கும்? கட்டுரையில் பெருமையடிக்கிற எண்ணில் ஒரு பங்கு சுவருக்குச் சேரவேண்டியது. குனிந்து பெருக்குகிறவளின் உடம்பே கருவிக்கும் பெட்டிக்கும் நடுவில் வந்து மறிக்கும். துணியில் தைத்த ஆன்டெனா நனைந்தால் அதன் அலைவரிசையே நகர்ந்துவிடும். ஆக, வெட்டி எறிந்த அய்ந்து சதவீதம் தற்செயலாக விழுந்ததல்ல. அதற்கு ஒரு வேலை உண்டு, ஒரு இடம் உண்டு. நம் நாட்டில் ஒரு சாதியும் உண்டு.

சராசரி என்பது இன்னொரு சாமர்த்தியம். நூறில் பத்து தொலைந்தது என்றால், அங்கொன்றும் இங்கொன்றுமாகவா, தொடர்ந்து பத்துமா? வினாடிக்கு ஒன்று அனுப்புகிற கருவியில் தொடர்ந்து பத்து போனால், பத்து வினாடி அந்த ஆள் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. இரண்டுக்கும் சராசரி ஒன்றுதான்.

'கருவிக்கு ஏது சாதி, நிறம்' என்று கேட்கும் அறிவுஜீவிகளுக்கு அமெரிக்காவிலிருந்தே ஒரு சேதி. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியை 2020இல் அங்கே சோதித்தார்கள். ரத்தத்தில் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி 'பரவாயில்லை' என்று காட்டியது, வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம்.

இங்கே இதையெல்லாம் முதலில் யார் கையில் கட்டுகிறார்கள்? சண்டிகரில் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு, இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கைக்கடிகாரத்தைக் கட்டிவிட்டார்கள். 2020இல் அவர்கள் எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். அது அவர்கள் நெஞ்சுவலியைச் சொல்லும் கருவி அல்ல, நின்று மூச்சு வாங்கினால் மேஸ்திரிக்குச் சொல்லும் கருவி. சிக்னல் போனால் நட்டம் யாருக்கு? எந்தச் செயல்திறன் அட்டவணையில் இதற்குக் கட்டம் இருக்கிறது?

இன்னொரு கூத்து, பாதாளச் சாக்கடையில் இறங்குகிறவனுக்கு 'ஸ்மார்ட்' தலைக்கவசம் என்று கல்லூரிகளில் செய்கிற புராஜெக்ட். மில்லிவாட் கணக்கில் பேசுகிற கருவி, கான்கிரீட்டையும் கழிவுநீரையும் தாண்டி மேலே எப்படிப் பேசும்? பேசினாலும், விஷவாயு மிகுந்த குழியில் சில மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவான். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். குற்றம் நடக்கும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டு அதற்கு பாக்கெட் இழப்பு அளக்கிறார்கள்.

மாணவத் தோழர்களே, உங்கள் துறையில் இப்படி ஒரு கட்டுரை வாசிக்கப்படும்போது எழுந்து நின்று கேளுங்கள்: மிக மோசமான இணைப்பின் எண் எங்கே? மிக நீண்ட மௌனம் எத்தனை வினாடி? யார் உடம்பு, என்ன வேலை செய்துகொண்டிருந்தது? பதில் வரும்வரை உட்காராதீர்கள்.