கிண்ணம் ஒலிக்கட்டும், வைத்தியம் வேண்டாம்

பாயை விரித்துக் கண்ணை மூடிப் படுத்தால் போதும். ஒரு மணி நேரத்துக்கு யாரோ ஒருவர் வெண்கலக் கிண்ணங்களைத் தட்டுவார், விளிம்பைச் சுற்றித் தேய்ப்பார், நம் ஊர்ச் சேகண்டியைப் பல மடங்கு பெரிதாக்கியது போன்ற காங்கை மெத்தென்ற கோலால் அடிப்பார். 'சவுண்ட் பாத்' என்ற பெயரில் பெருநகர யோகா கூடங்களிலும் உல்லாச விடுதிகளிலும் நடக்கும் இந்தக் கூட்டுத் தியானத்தில் படுத்து எழுந்தவர்கள், மனம் லேசானதாகச் சொல்கிறார்கள். அதை நம்பலாம். ஆனால் விளம்பரம் அங்கே நிற்பதில்லை. செல்கள் புத்துயிர் பெறும், ஏழு சக்கரங்களும் திறக்கும், நோய் தீரும் என்று நீள்கிறது. அனுபவம் மெய், அதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் கற்பனை. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால், நல்லதொரு ஓய்வு முறை போலி வைத்தியமாகக் கெட்டுப்போகும்.

சான்று என்று கையில் இருப்பது கொஞ்சம்தான். அமெரிக்காவில் 62 பேரை வைத்து நடத்தி 2017-இல் வெளியான ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. கிண்ண ஒலியைக் கேட்டபின் அவர்களிடம் பதற்றம், கோபம், சோர்வு, மனவாட்டம் எல்லாம் குறைந்திருந்தன. ஆனால் ஒலியே இல்லாமல் சும்மா படுத்திருந்த இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை. வேலை நாளின் நடுவே ஒரு மணி நேரம் படுக்க விட்டால் யாருக்குத்தான் பதற்றம் குறையாது? இந்தக் கேள்விக்குக் கொஞ்சமாவது பதில் சொல்வது 2014-இல் வெளிவந்த மற்றொரு ஆய்வு. வழிநடத்தப்பட்ட தளர்வுப் பயிற்சிக்கு முன்னால் 12 நிமிடம் கிண்ண ஒலி ஒரு முறை, 12 நிமிடம் மௌனம் ஒரு முறை என்று 51 பேரையும் இரண்டு வழியிலும் சோதித்தார்கள். மௌனத்தைவிட ஒலி கேட்டபோது இதயத் துடிப்பும் மேல் ரத்த அழுத்தமும் கூடுதலாக இறங்கின. ஆகவே ஒலிக்கும் ஏதோ பங்கு இருக்கிறது. ஆனால் 2020-இல், அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்த இருவருக்குத் தேறியவை நான்குதான். அவற்றை நம்பிச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க இயலாது என்றே அவர்கள் முடித்தார்கள். அமைதி தருகிறது என்று சொல்ல இது போதும், நோய் தீர்க்கிறது என்று சொல்லப் போதாது.

அமைதி எப்படி வருகிறது என்பதற்கு மாயம் எதுவும் தேவையில்லை, இயற்பியலே சுவையாக இருக்கிறது. கையால் அடித்துச் செய்த கிண்ணம் துல்லியமான வட்டமாக இருக்காது. அந்தச் சிறு கோணலால் நெருக்கமான இரண்டு சுருதிகள் ஒரே நேரத்தில் எழும். ஒன்று நொடிக்கு 220 அதிர்வு, மற்றது 222 என்றால் ஓசை நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். கிண்ணத்திலிருந்து வரும் அந்த அலைபோன்ற 'வோம்... வோம்' இதுதான். காங் இன்னும் விசித்திரமானது. அடித்த கணத்தில் கீழ்ச்சுருதி முழங்கும், பிறகுதான் அந்த ஆற்றல் மேல்சுருதிகளுக்குப் பரவி ஓசை விரிந்து மினுங்கும். அடி விழுந்த பின்னும் சத்தம் வளர்வதுபோலத் தோன்றுவது பிரமை இல்லை. கைப்பேசியில் கேட்டால் போதாதா என்பவர்களுக்கும் இங்கே பதில் உண்டு: அதன் சிறிய ஒலிபெருக்கியால் அந்த அடிக்குரலை எழுப்பவே முடியாது, தரை வழியாக முதுகில் ஏறும் அதிர்வும் கிடைக்காது. இன்னொன்று, இதில் தாளம் இல்லை. கச்சேரியில் ரசிகரின் கை தானாகத் தொடையில் தாளம் போடும், மனம் ராகத்தின் பின்னால் ஓடும், பாடகர் தவறினால் முகம் சுளிக்கும். இங்கே பின்தொடர ஒன்றுமே இல்லாததால் கவனம் களைத்து அடங்கிவிடுகிறது என்பது என் ஊகம். ஒலியின் ஏற்ற இறக்கம் மூளை அலைகளைத் தன் வேகத்துக்கு இழுத்துச் செல்கிறது என்பதும் ஊகம்தான், ஆனால் அதை நிரூபணமான உண்மையாக விற்கிறார்கள்.

பழமையை விற்பதும் இதே கதை. 'ஆயிரம் ஆண்டுத் திபெத்திய மரபு' என்கிறார்கள். திபெத்திய மடாலய வழிபாட்டில் கைமணி உண்டு, நீண்ட எக்காளம் உண்டு, பெரிய தாளங்கள் உண்டு. கிண்ணத்தைத் தேய்த்துச் சிகிச்சை செய்ததற்கு நம்பத்தக்க பழைய ஆதாரம் கிடைக்கவில்லை. ஹென்றி வூல்ஃப், நான்சி ஹென்னிங்ஸ் என்ற இருவர் 1972-இல் வெளியிட்ட 'திபெத்தன் பெல்ஸ்' இசைத்தட்டுக்குப் பிறகே மேற்கில் இந்த மோகம் பரவியது. கிண்ணங்களில் பெரும்பாலானவை நேபாளத்திலும் இந்தியாவிலும் செய்யப்படுபவை. இவை எங்களுடையவை அல்ல என்று கனடாவாழ் திபெத்தியர் ஒருவர் 2020-இல் டொராண்டோ நாளிதழ் ஒன்றில் எழுதவே வேண்டியிருந்தது. ஏழு உலோகக் கலவை, தங்கமும் வெள்ளியும் சேர்ந்தது என்பார்கள். பரிசோதித்தால் பெரும்பாலும் ஐந்தில் நான்கு பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம், அதாவது வெண்கலம். பழமைதான் வேண்டுமென்றால் இமயம் ஏற வேண்டியதே இல்லை. வெள்ளீயம் மிகுந்த வெண்கலக் கலங்கள் ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியின் பெருங்கற்காலச் சின்னங்களிலும் கிடைத்திருக்கின்றன. (இதைப் படித்துவிட்டு யாரும் 'ஆதிச்சநல்லூர் சிகிச்சை' என்று பலகை மாட்டாமல் இருந்தால் சரி.)

நம்பிக்கையால் நிம்மதி கிடைத்தால் உங்களுக்கென்ன நஷ்டம் என்று கேட்பார்கள். கதை கேட்டு நிம்மதி அடைபவரைப் பற்றிக் கவலையில்லை, கதையை நம்பி ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துபவரைப் பற்றித்தான் கவலை. புற்றுநோயையும் நீரிழிவையும் தீர்ப்பதாக மருந்தையோ தாயத்தையோ விளம்பரப்படுத்துவதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தாயத்துக்கு இல்லாத சலுகை கிண்ணத்துக்கு எதற்கு? சத்தமும் சும்மா இல்லை. 100 டெசிபல் ஓசையை நாளுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பது அமெரிக்கத் தொழில்நலப் பரிந்துரை. தலைமாட்டில் ஓங்கி அடிக்கப்படும் பெரிய காங் அந்த அளவைச் சுலபமாக எட்டும். காதில் இரைச்சல் உள்ளவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரிடம் முன்கூட்டியே விசாரிப்பது நடத்துபவரின் கடமை.

மறுபக்கத்திலிருந்து பகுத்தறிவாளர் கேட்பார்: இவ்வளவு ஓட்டை உள்ளதை ஏன் காப்பாற்ற வேண்டும்? கூட்டமாகப் படுப்பதில் ஒரு பலன் இருக்கிறது என்பதால்தான். சேர்ந்து பாடுபவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி இறங்குவதை ஸ்வீடனில் 2013-இல் கண்டார்கள். அங்கே பாட்டு மூச்சை ஒழுங்குபடுத்தியது, படுத்துக் கேட்பவர்களுக்கு அது அப்படியே பொருந்தாது. இங்கே நடப்பது அதைவிட எளிமையானது. முப்பது பேர் அசையாமல் கிடக்கும் அறையில் எழுந்து கைப்பேசியைத் தேட யாருக்கும் கை வராது. வீட்டில் பகலில் ஒரு பெண் ஒரு மணி நேரம் படுத்தால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள், இங்கே கேட்க ஆளில்லை. அந்த அனுமதி உல்லாச விடுதிக் கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு மட்டும் கிடைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நூலகக் கூடத்திலும் மாநகராட்சிச் சமுதாயக் கூடத்திலும் முதியோர் மன்றத்திலும் இதை நடத்தத் தேவை பாய், வெண்கலம், பழகிய கை ஒன்று.

குணமாகும் என்று சொல்லாவிட்டால் யார் வருவார்கள் என்று நடத்துபவர்கள் தயங்கலாம். சென்னையில் மார்கழி தோறும் சபா சபாவாக ஏறி இறங்குகிறார்கள். சர்க்கரை குறையும் என்று அங்கே எந்தப் பாடகரும் டிக்கெட்டில் அச்சடிப்பதில்லை.