ஏமன்: முதலில் வந்தது எந்தப் போர்?

ஏமனில் ஏன் தண்ணீர்ப் பஞ்சம் என்று கேட்டால் எங்கள் வகுப்பில் இரண்டு பதில்தான் வரும். "பாலைவனம்டா, மழை ஏது?" இல்லையென்றால் "அங்கதான் சண்டை நடக்குதுல்ல!" இரண்டும் அரைகுறை. அதைவிட மோசம், இரண்டுமே அந்த நாட்டை ஆண்டவர்களுக்கு ரொம்ப வசதியான பதில்கள்.

வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட அங்கே இல்லை, உண்மைதான். ஆனால் மேற்கு மலைகளில் மழை உண்டு. இப் பக்கம் நல்ல மழையே பெய்யும். பல நூற்றாண்டுகளாக மலையைப் படிப்படியாக வெட்டி, அந்த மழையைத் தேக்கித்தான் விவசாயம் செய்தார்கள். 1970களில் வளைகுடாவில் சம்பாதித்த பணம் ஊருக்கு வந்தது, கூடவே போர்வெல்லும் வந்தது. நம்மூரில் 'போர் போடுறது' என்போமே, ஏமனின் முதல் போர் அதுதான். (மொக்கைக்கு மன்னிக்கவும். ஆனால் விஷயம் மொக்கை இல்லை.)

இனி என் காமர்ஸ் மூளை பேசட்டும். நிலத்தடி நீருக்கு விலை கிடையாது. அதை இறைக்கும் டீசலுக்கு 2014 வரை அரசு மானியம் இருந்தது. செலவு இல்லாத சரக்கை யார் அளந்து எடுப்பார்கள்? நீங்கள் எடுக்காவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் எடுப்பார். நாட்டின் தண்ணீரில் சுமார் 90 சதவீதம் விவசாயத்துக்கே போகிறது. அதில் கணிசமான பங்கை விழுங்குவது காத். மதியமானால் வாயில் அடக்கி மெல்லும் போதை இலை. தானியத்தைவிடப் பல மடங்கு லாபம் என்பதால் காத் போடும் விவசாயியை நான் திட்ட மாட்டேன். அவர் கணக்கு சரி. கணக்கைத் தப்பாகப் போட்டது அரசு.

2002ல் தண்ணீர்ச் சட்டம் வந்தது. கிணறு தோண்ட அனுமதி வேண்டுமாம். யாரைத் தடுப்பது? ஆழமான கிணறுகளின் சொந்தக்காரர்களில் ஷேக்குகளும் அதிகாரிகளும் இருந்தார்கள். திருடன் கையில் சாவி!

தாயிஸ் நகரக் குழாய்களில் பல வாரங்களுக்கு ஒருமுறை தண்ணீர் வந்தது 1990களில். இப்போதைய போருக்கு 20 வருடம் முன்பு. அப்போது எந்த விமானம் குண்டு போட்டது?

போரை நான் மன்னிக்கவில்லை. 2014 ஜூலையில் எரிபொருள் மானியத்தை ஒரே வெட்டாக வெட்டினார்கள். அந்தக் கோபத்தில் ஏறி செப்டம்பரில் ஹூதிகள் சனாவைப் பிடித்தார்கள். 2015 மார்ச்சில் சவுதி கூட்டணி குண்டு வீச ஆரம்பித்தது. நீர் நிலையங்கள் அடிபட்டன, கரண்ட் போனது, டீசல் இல்லாமல் நகர பம்புகள் நின்றன. 2016 அக்டோபரில் காலரா கிளம்பி, 2017 முடிவதற்குள் சந்தேக நோயாளிகள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். அவர்களில் எத்தனையோ குழந்தைகள். ஏற்கெனவே வறண்டு கிடந்த வீட்டுக்குத்தான் இவர்கள் தீ வைத்தார்கள் என்கிறேன்.

டீசல் கிடைக்காததால் விவசாயிகள் சோலார் பம்புக்கு மாறினார்கள். உலகமே கைதட்டியது. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. டீசலாவது காசு கேட்டது, வெயில் அதுவும் கேட்காது. (இலவச மின்சாரத்தில் ஓடும் நம்மூர் பம்ப்செட் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) காலையில் சூரியன் வந்ததும் பம்ப் ஓடும், அஸ்தமிக்கும்வரை ஓடும். நிறுத்தச் சொல்ல அங்கே ஆளில்லை.